பொறியியல் படித்த பிள்ளையும் விலைக்கணக்குத் தொழிலும்



நம் பிள்ளைகளில் பலர் இன்று பொறியியல், பௌதிகம், கணினி ஆகிய படிப்புக்களில் தேறி, நல்ல வேலைகளிலும் அமர்ந்து வருகின்றனர். அவர்களுள் சிலர் சில ஆண்டுகள் கழித்து, “அத்தா, நான் நிதித்துறைக்கு மாறப் போகிறேன்; அங்கே கணக்கு வேலை” என்று வந்து நிற்கின்றனர். “கணக்கப்பிள்ளை உத்தியோகத்துக்கா இத்தனை செலவு செய்து படிக்க வைத்தேன்?” என்று தகப்பனார் திகைக்கிறார். அத்தொழில் இன்னதென்று அறியாமல் நாம் ‘சரி’ என்பதும் தவறு, ‘வேண்டாம்’ என்பதும் தவறு. ஆகவே அதனைச் சற்று ஆராய்வோம்.

தொழில் யாது?

இதனைக் ‘குவாண்டிடேட்டிவ் ஃபைனான்ஸ்’ என்பர். அளவியல் நிதி எனலாம். கணக்கப்பிள்ளை எழுதுவது நடந்து முடிந்த வரவு செலவு. இவர்கள் போடுவதோ இனி நடக்கக்கூடியதன் கணக்கு. நாளைய விலையை ஒட்டிய ஓர் ஒப்பந்தத்துக்கு இன்று என்ன விலை வைப்பது, நஷ்டம் வந்தால் எவ்வளவு வரை வரும் என்பதே இவர்களுடைய கேள்வி.

நம் கடைச் சரக்கைக் கொண்டே ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மூட்டை அரிசி இன்று 100 வெள்ளி. மூன்று மாதம் கழித்து அது 120 ஆகும், அல்லது 80 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உங்களிடம் வந்து, “அன்றைக்கு எனக்கு இஷ்டமானால் 100 வெள்ளிக்கே தர வேண்டும், இஷ்டமில்லையேல் வாங்க மாட்டேன், இந்த உரிமைக்கு இப்போதே ஒரு தொகை தருகிறேன்” என்கிறார். அத்தொகை திரும்பாது, விலையிலும் கழியாது. எவ்வளவு கேட்பீர்கள்?

10 வெள்ளி கேளுங்கள். அதனுடன் உங்கள் பணம் 40 சேர்த்து, 50 வெள்ளிக்கு அரை மூட்டை இன்றே வாங்கி வையுங்கள். விலை 120 ஆனால் அரை மூட்டை 60 பெறும்; அவருக்கு வித்தியாசம் 20 கொடுத்தால் மீதி 40. விலை 80 ஆனால் அவர் வரமாட்டார். அரை மூட்டையின் மதிப்பு 40. எப்படிப் போனாலும் நீங்கள் போட்ட 40 கைக்கு வந்துவிடும். விலை ஏறுமா இறங்குமா என்று ஆரூடம் பார்க்க வேண்டியதே இல்லை!

இக்கருத்தைப் பெரிதாக விரித்து, 1973-ஆம் ஆண்டில் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்ற இருவர் ஒரு சூத்திரம் வெளியிட்டனர். இவர்களில் பிளாக் பட்டம் பெற்றது பொருளாதாரத்தில் அன்று. ஹார்வர்டில் கணிதத் துறையில்.

மாறியவர் ஒருவர்

எமானுவல் டெர்மன் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1973-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1985-இல், நாற்பது வயதில், கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே கடன் பத்திரங்களுக்கான விலைக்கணக்கைச் சீர்திருத்தியதோடு, வியாபாரம் செய்வோர் எளிதில் கையாளும்படி கணினி நிரலையும் அமைத்துக் கொடுத்தார். பிளாக், டாய் ஆகியோருடன் அவர் அமைத்த கணக்குமுறை 1990-இல் வெளியாயிற்று. அறிவு மட்டுமன்று, அதனை மற்றவர் கைக்கு உதவும்படி செய்து தருவதும் இத்தொழிலில் மூலதனம்.

மாறுவோர் கற்க வேண்டியவை

முதலாவது, நிகழ்தகவும் புள்ளியியலும். இரண்டாவது, தற்செயலாக அசையும் விலைகளுக்குரிய நுண்கணிதம். மூன்றாவது, பைத்தான், சி++ போன்ற கணினி மொழிகள். நான்காவது, பங்கு, கடன் பத்திரம், நாணய மாற்று ஆகியவற்றின் நடைமுறை. பொறியியல் படித்தவருக்கு முதல் மூன்றும் ஓரளவு கைவந்தவை, நான்காவதே புதியது. வேலையை விடுவதற்கு முன் மாலை நேரங்களில் ஜான் ஹல் எழுதிய பாடநூலைப் படித்து, மனம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது நன்று. அதன் பிறகு பட்டம் வேண்டுமானால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே இத்துறையில் முதுகலைப் படிப்பு உண்டு. ஒப்பந்தங்களில் எவை மார்க்கத்தில் ஆகுமானவை என்பதை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது அவசியம்.

முக்கியமான பாடம்

மேலே சொன்ன அரிசிக் கணக்குக்குத் திரும்புவோம். விலை 80-ம் ஆகாமல், 120-ம் ஆகாமல், 50-க்கு விழுந்துவிட்டால்? அரை மூட்டை 25 வெள்ளி. உங்களுக்கு நஷ்டம் 15. ஒரேயடியாக 150-க்கு ஏறினால்? அரை மூட்டை 75 பெறும். அவருக்கு 50 கொடுத்தால் மீதி 25. அப்போதும் நஷ்டம் 15. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ‘80 அல்லது 120’ என்று வைத்துக்கொண்டோமே, அங்கேதான் பிழை.

இது வெறும் உதாரணமன்று. ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் பங்காளிகளாயிருந்த ‘லாங் டெர்ம் கேப்பிடல்’ என்ற நிறுவனம், 1998-இல் ருஷ்யா கடன் தவறியபின் சந்தைகள் கலங்கியபோது நிலைகுலைந்தது. பதினான்கு நிறுவனங்கள் கூடிச் சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்க வேண்டியதாயிற்று. கைமுதலைப் போல் பல மடங்கு கடன் வாங்கியிருந்ததால் சிறு சரிவும் பெரு நஷ்டமாயிற்று. 2008-இன் நெருக்கடிக்குப்பின், 2009-இல் டெர்மனும் பால் வில்மட் என்பவரும் ஓர் அறிக்கை வெளியிட்டு, கணக்குப் போடுவோர் தம் அனுமானங்களை மறைக்காது சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினர்.

பாலம் கட்டுபவர் நம்பும் இரும்பின் குணம் நாளைக்கு மாறாது. விலையோ மனிதருடைய அச்சத்தாலும் ஆசையாலும் மாறுவது. பட்டம் பெற்று வரும் பிள்ளைக்குக் கல்லூரியில் இது முழுதும் புலப்படாது. சரக்குத் தேங்கியதையும், நேற்றைய விலை இன்று செல்லாததையும் கண்ட கடைக்காரருக்கு நன்கு தெரியும்.

ஆகவே, உங்கள் மகன் இத்தொழிலுக்கு மாற விரும்பினால் தடுக்காதீர்கள். இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். “நீ எதை மாறாது என்று வைத்துக்கொண்டு இக்கணக்கைப் போட்டாய்? அது மாறினால் நஷ்டம் யார் தலையில் விழும்?” இவற்றுக்கு நேராக விடை சொல்லத் தெரிந்த பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம். சொல்லத் தெரியாதவரை சில காலம் உங்கள் கல்லாப்பெட்டியருகே அமரச் செய்யுங்கள். அதுவும் இத்தொழிலுக்கு ஒரு பாடசாலையே.