ஜலக் கணக்கின் இரு பத்திகள்

கணக்குப் புத்தகத்தில் வரவென்றும் செலவென்றும் இரு பத்திகள் உண்டென்பது கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாது விடும் சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. கிராமத்தின் ஜலக் கணக்கும் அத்தன்மையதே. வீட்டிற்குள் வரும் நீர் வரவாயின், வீட்டை விட்டு வெளியேறும் கழிவு நீர் செலவாகும். அவ்விரண்டையும் இப்பாடத்தில் சேர்த்து ஆராய்வோம்.

வரவு: 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அறிவிக்கப்பெற்ற ஜல ஜீவன் திட்டத்தில், கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் குழாய் மூலம் அளித்தல் வேண்டுமென்று நிர்ணயிக்கப்பட்டது. 300 வீடுகளும் 1,200 ஜனங்களும் உள்ள கிராமம் ஒன்றை உதாரணமாகக் கொண்டால், தினமும் 66,000 லிட்டர் நீர் வேண்டும்.

செலவு: வீட்டில் உபயோகிக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கழிவு நீராக வெளியேறுகிறது. ஆகவே மேற்படி கிராமத்தில் தினமும் சுமார் 44,000 லிட்டர் கழிவு நீர் தெருவை அடையும். குடத்தில் நீர் சுமந்த காலத்தில் இவ்வளவு நீர் தெருவிற்கு வந்ததில்லை. வாய்க்கால் இல்லாவிடினும், இருக்கும் வாய்க்காலைக் குப்பை அடைத்துக்கொண்டாலும், அது தேங்கிக் கொசுவை வளர்க்கும்.

அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. குழாயில் நீர் விடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும். நிறுத்தியவுடன் அழுத்தம் குறைந்துவிடும். அப்பொழுது குழாயில் வெடிப்பு இருந்தால், வெளியே தேங்கிய சாக்கடை நீர் அதன் வழியே உள்ளே புகும். நான் தணிக்கைக்குச் சென்ற கிராமம் ஒன்றில், கடைசித் தெருவில் காலையில் பிடிக்கும் முதற்குடம் நாற்றமெடுத்தது. குழந்தைகளுக்கு அடிக்கடி பேதி கண்டது. தோண்டிப் பார்த்ததில், குழாயின் இணைப்பு சாக்கடைக்குள்ளேயே கிடந்தது! குழாய் போட்டோர் வாய்க்காலை நினைக்கவில்லை. அதன் பலனைக் குழந்தைகள் அனுபவித்தனர்.

குடிநீர் வழங்குதலும், கழிவுநீர் வாய்க்கால் அமைத்தலும், தெருக்குப்பை அகற்றுதலும் 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கடமைகளாம். பதினைந்தாவது நிதிக் கமிஷனும், 2021-22 முதல் 2025-26 வரை கிராம ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வகுத்த மானியத்தில், குடிநீர் முதலியவற்றிற்கு 100-க்கு 30 பங்கும் சுகாதாரத்திற்கு 30 பங்கும் ஒதுக்கியது. இரண்டும் சமமாக வைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. ஆயினும் குழாய் கேட்டு மனுச் செய்வோர் பலர். வாய்க்கால் கேட்டு மனுச் செய்வோர் மிகச் சிலரே.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவன:

1. தெரு வாய்க்கால் இல்லாவிடில், வீட்டுக் கழிவு நீருக்கு உறிஞ்சு குழி தோண்டுக. அது குடிநீர்க் கிணற்றிலிருந்து போதிய தூரம் தள்ளியிருத்தல் வேண்டும்.

2. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தூய்மைக் காவலரிடம் கொடுக்க. வாய்க்காலில் எறியற்க.

3. கடைக்கோடிக் குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியுள்ளதா என்று சோதித்துக் காட்டும்படி ஊராட்சியைக் கேட்க.

4. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கூடும் கிராம சபைக்குத் தவறாது சென்று, குழாய்க்கும் வாய்க்காலுக்கும் ஆன செலவைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லுக.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்:

(அ) நமது கிராமத்தில் தினமும் எத்தனை லிட்டர் கழிவு நீர் வெளியேறுகிறது? அது எங்கே சென்று சேருகிறது?

(ஆ) நமது குடிநீர்க் குழாய் எந்தெந்த இடத்தில் சாக்கடையைக் கடக்கிறது?

இரண்டாம் வினாவிற்கு விடை தெரியாவிடில், அங்கத்தினர் நால்வர் சேர்ந்து ஒரு நாட்காலை தெருத்தெருவாய் நடந்து பார்த்து, கண்ட இடங்களை எழுதி வருக. அடுத்த கிராம சபைக்கு அதுவே தக்க மனுவாகும்.