குடிநீரில் பாதரசம், ஈயம், குரோமியம்: கண்டறிந்து அகற்ற முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் கலந்த பாதரசம் அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரையே மஞ்சளாக்கியது. இத்தகைய இடங்களுக்கு அருகில் கிணறோ போர்வெல்லோ வைத்திருப்பவர்கள், நீர் வடிகட்டும் மெஷின் வாங்கும் முன் நீரில் இருப்பது எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

படி 1: கொதிக்க வைப்பதை நம்பாதீர்கள்

கொதித்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற, மிஞ்சும் நீரில் ஈயமும் ஆர்சனிக்கும் செறிவுதான் கூடும். யூவி விளக்கும் கிருமிக்கு மட்டுமே. படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும்; கரைந்த உலோகத்துக்கு அவற்றை நம்ப முடியாது.

படி 2: நீரைப் பரிசோதியுங்கள்

டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது காட்டுவது மொத்த உப்பை. ஆபத்தான அளவு ஈயம் அந்த எண்ணில் தெரியவே தெரியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ ‘கன உலோகப் பரிசோதனை’ வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஆய்வகம் தரும் பாட்டிலில் சில துளி நைட்ரிக் அமிலம் இருக்கலாம். உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்கத்தான் அது; கழுவிக் கொட்டிவிடாதீர்கள், கையிலும் படவிடாதீர்கள். குழாயிலிருந்து ஈயம் வருகிறதா என்று பார்க்க, காலையில் திறந்ததும் வரும் முதல் நீரைப் பிடியுங்கள். கிணற்று நீரை அறிய, மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

படி 3: அறிக்கையைப் படியுங்கள்

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-ன்படி ஒரு லிட்டரில் இருக்கக்கூடிய உச்ச அளவு:

- பாதரசம்: 0.001 மில்லிகிராம்
- காட்மியம்: 0.003
- ஈயம்: 0.01
- ஆர்சனிக்: 0.01
- மொத்தக் குரோமியம்: 0.05

அளவு மிஞ்சினால் அன்றே குடிக்கவும் சமைக்கவும் வேறு நீருக்கு மாறுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்.

படி 4: உலோகத்துக்கு ஏற்ற வழி

- ஈயம், காட்மியம், குரோமியம்: ஆர்ஓ மெம்பரேன் இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கும்.
- பாதரசம்: ஆர்ஓ உதவும். கந்தகம் ஏற்றிய கரியும் பாதரசத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.
- ஆர்சனிக்: இதன் ஒரு வடிவம் மின்னேற்றம் இல்லாததால் ஆர்ஓவில் ஓரளவு நழுவிவிடும். இரும்புச் சேர்மத் துகள்கள் இதற்கு ஏற்றவை. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ வடிகட்டி இந்த வகை.

ஆலைகளில் மஞ்சள் குரோமிய நீரில் பெரஸ் சல்பேட் சேர்த்து, பிறகு சுண்ணாம்பு கலப்பார்கள். நச்சு குறைந்த வடிவத்துக்கு மாறும் குரோமியம் வண்டலாக அடியில் தங்கிவிடும். இதை வீட்டில் முயலக் கூடாது.

படி 5: பிடித்த உலோகம் எங்கே போகிறது?

வடிகட்டி உலோகத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஆர்ஓ வெளியேற்றும் கழிவுநீரில் அது செறிந்திருக்கும். கீரைப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் அந்த நீரை விடாதீர்கள். கார்ட்ரிட்ஜைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். மெஷின் பொருத்தியதும் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் வடிகட்டிய நீரையும் பரிசோதியுங்கள்.

ஒரு மெஷின் ஒரு குடும்பத்தைத்தான் காக்கும். பக்கத்து வீடுகளுக்கும் அதே நிலத்தடி நீர்தான். அறிக்கையை அவர்களிடம் காட்டுங்கள். நகல் இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் சேர்ந்தே மனுக் கொடுங்கள்.