சாவி கைக்கு வந்தால் போதுமா? ஆர்.சி.யில் யார் பெயர்?



"பையன் லைசென்ஸ் எடுத்துட்டான். ஒரு பழைய கார் வாங்கணும். ஒன்றரை லட்சம் கடன் வேணும்." இப்படி ஒரு மனு நம் கடன் பரிசீலனைக் கூட்டத்துக்கு வந்தது. கறவை மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை என்றால் நமக்கு மனக்கணக்கிலேயே எல்லாம் தெரியும். கார் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மனு கொடுத்த அக்காவுக்குக் கடமலைக்குண்டு பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் 2 நாள் கானாவிலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாடகைக் காருக்கு 700 ரூபாய். அதனால்தான் கார் கேட்கிறார், ஆடம்பரத்துக்கு இல்லை.

இப்போது நம் குழுக்களில் பிள்ளைகள் 18 வயசு ஆனதும் லைசென்ஸ் எடுத்துவிடுகிறார்கள். பழைய கார் கேட்டு இனியும் மனுக்கள் வரும். எனவே இந்த ஒரு மனுவை வைத்து நாங்கள் கற்றுக்கொண்டதை எல்லோருக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. மாதம் 8 தடவை ஆஸ்பத்திரி, வாடகை 5,600 ரூபாய். சொந்தக் கார் என்றால்? போக வர 40 கிலோமீட்டர். பழைய சின்னக் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 270, மாதத்துக்கு 2,160 ரூபாய். ஒன்றரை லட்சம் கடனை 3 வருசத்தில், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் நம் முறைப்படி கட்டினால் மாதத் தவணை 4,982. இரண்டும் சேர்ந்து 7,142 ரூபாய். வாடகைக் காரே மலிவு! இதைப் போர்டில் எழுதிக் காட்டியபோது அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கூடவே வந்திருந்த பையன்தான் வாயைத் திறந்தான். "மத்த நாள்ல சவாரி ஓட்டி டியூ கட்டிடுவேன் அத்தை."

நம் வீடுகளில் எல்லோரும் போடுகிற கணக்கு இதுதான். ஆனால் வெள்ளை போர்டு கார் சொந்த உபயோகத்துக்கு மட்டும். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற பெர்மிட் வேண்டும், மஞ்சள் போர்டு வேண்டும். கல்யாணச் சவாரி போகும்போது விபத்து நடந்து, வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். அப்புறம் நஷ்ட ஈடு வண்டி சொந்தக்காரர் தலையில். சரி, மஞ்சள் போர்டே வாங்கலாம் என்றால், அந்த வகை வண்டி ஓட்ட சட்டப்படி 20 வயசு நிரம்பியிருக்க வேண்டும். தம்பிக்கு 19தான். அவன் ஆக்டிங் டிரைவராக அடுத்தவர்களின் சொந்தக் காரை ஓட்டிக் கூலி வாங்கலாம், அதில் தப்பில்லை. ஆகவே டியூ அந்தக் கூலியிலிருந்துதான் வர வேண்டும், காரிலிருந்து வராது என்று முடிவாயிற்று. கடனும் ஒரு லட்சமாகக் குறைந்தது. தவணை 3,321, பெட்ரோலோடு 5,481. வாடகைக்குக் கொடுத்ததும் இதுவும் கிட்டத்தட்டச் சரி. ராத்திரியில் மூச்சுத் திணறினால் வண்டி தேடி அலைய வேண்டாம், அதுதான் லாபம். வீட்டுச் சேமிப்பு 60,000. மொத்தம் 1,60,000-இல் வண்டிக்கு 1,40,000-க்கு மேல் போகக் கூடாது, மீதி பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பேட்டரி, டயருக்கு என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதினோம்.

இங்கே இன்னொன்று. பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர் ஒருவர், "எதுக்கும்மா குழுக் கடன், நானே ஃபைனான்ஸ் போட்டுத் தர்றேன். அதே ஒரு ரூபா வட்டிதான்" என்றார். அதே ஒரு ரூபாயா? அவர் சொன்னது, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி. ஒன்றரை லட்சத்துக்கு 3 வருசத்தில் 54,000 ரூபாய். நம் முறையில் 29,400-க்குள் முடிந்துவிடும். அவருடைய ஒரு ரூபாய் வட்டி நம் கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றே முக்கால் ரூபாய் வட்டி.

பணம் முடிவானதும் வண்டி பார்க்கப் போனோம். அக்கா, பையன், எங்களில் 2 பேர், ஊரில் நமக்குப் பழக்கமான மெக்கானிக். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தோம். விற்கிறவர் அழைத்து வரும் மெக்கானிக்கை நம்பிப் போகாதீர்கள்.

முதல் வண்டி, பளபளவென்று பாலிஷ் போட்டது. பையனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மெக்கானிக் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கறை கோடு போட்டிருந்தது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துரு. தண்ணீரில் மூழ்கிய வண்டி! 2015-இல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி பக்கமும் வந்த வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. சுத்தம் செய்து சீட் உறை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வயரிங் எப்போது எங்கே காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டயாலிசிஸ் நோயாளியை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க முடியுமா?

இரண்டாவது வண்டி ஓட்டத்தில் நன்றாகவே இருந்தது. விலையும் 20,000 குறைவு. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தோம். அதில் இருந்த பெயர் வேறு ஒருவருடையது. "அவரு வித்து நாலு வருசம் ஆச்சும்மா. நடுவுல ரெண்டு பேர் ஓட்டினாங்க. கையெழுத்துப் போட்ட ஃபார்ம் எல்லாம் ரெடியா இருக்கு. நீங்க ஓட்டுங்க, பேரை மெதுவா மாத்திக்கலாம்" என்றார் புரோக்கர். தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்கள் அவர் பையில் இருந்தன.

உறுப்பினர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த முதல் சொந்தக்காரர் 4 வருசமாக எங்கோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் கார் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கார் பலர் கை மாறியிருந்தது, ஆனால் ஆர்.சி.யில் பழைய பெயர். விபத்தில் உயிர் போய்விட்டது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. 'நான்தான் வித்துட்டேனே' என்பது அங்கே எடுபடவில்லை.

அப்படியானால் வாங்குகிற நமக்கு என்ன கவலை என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. பெயர் மாறாத வண்டிக்கு நம் பெயரில் இன்சூரன்ஸ் எடுக்க முடியாது. வண்டி சேதமானால் பணம் கேட்க முடியாது. திருப்பி விற்க முடியாது. ஆர்.சி.யில் இருப்பவர் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். அந்த வண்டி ஏதாவது போலீஸ் கேசில் இருந்தால் பறிமுதல் ஆகும். நம் ஒரு லட்சம் போனது போனதுதான். டியூ மட்டும் 36 மாதமும் கட்ட வேண்டும். 20,000 குறைச்சலுக்கு இவ்வளவு ஆபத்தா? வேண்டாம் என்று வந்துவிட்டோம். பையனுக்கு எங்கள்மேல் கோபம். வரும் வழியில் பேசவே இல்லை.

மூன்றாவது வண்டி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியருடையது. 2012-இல் பதிவான மாருதி ஆல்டோ, ஒரே கை. போனிலேயே, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று சொல்லிவிட்டோம். சூடான எஞ்சின் நோயை மறைக்கும். பானெட்டில் கை வைத்துப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று மெக்கானிக் சொல்லிக் கொடுத்தார். ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே பால் கலந்த மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்தார். மீட்டரில் 61,000 கிலோமீட்டர். மீட்டரைத் திருப்பி வைக்க முடியும். ஆனால் மிதித்து மிதித்துத் தேய்ந்த கிளட்ச் பெடலையும், வழவழத்துப்போன ஸ்டீயரிங்கையும் திருப்ப முடியாது. இந்த வண்டியில் அவை மீட்டரோடு ஒத்துப்போயின, சர்வீஸ் பில்களும் இருந்தன. டயரில் மட்டும் குறை. டயர் ஓரத்தில் நான்கு எண் அச்சிட்டிருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தது. அதைச் சொல்லி 5,000 ரூபாய் குறைத்தோம். 1,35,000-க்கு முடிந்தது.

ஆர்.சி.யில் இருந்த எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருந்ததோடு ஒன்றாக இருந்தன. பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் தேதி, பதிவு எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்று பையனே பார்த்தான். இந்த வேலை எல்லாம் அவர்களுக்குத்தான் வரும். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருசம். இந்த வண்டிக்கு 2027 வரைதான் இருந்தது. அதன் பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அதற்கு இப்போதே மாதம் 200 ரூபாய் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. ஆசிரியர் பதறிவிட்டார். "அந்தக் கடனை எப்பவோ கட்டி முடிச்சுட்டேம்மா!" கட்டி முடித்தாலும், ஆர்.சி.யில் அந்தப் பதிவை நீக்கவில்லை என்றால் வண்டி இன்னும் வங்கியின் பிடியில் இருப்பதாகத்தான் அர்த்தம். வங்கியிலிருந்து கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-உம் வாங்கி வாருங்கள், பிறகு முழுப் பணம் தருகிறோம் என்றோம். முன்பணம் 5,000 மட்டும் கொடுத்து ரசீது வாங்கினோம். 16 நாள் ஆனது. பையன் தினம் போன் பண்ணினான்.

கடிதம் வந்த பிறகு மீதிப் பணத்தை வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினோம். படிவம் 29, 30 இரண்டையும் முழுசாக எழுதித் தேதியோடு கையெழுத்து. வண்டி கை மாறிய நாளையும் நேரத்தையும் எழுதி டெலிவரி நோட் இரண்டு பிரதி. அன்று காலை வரை வந்த அபராதம் அவருடையது, அதற்குப் பிறகு நம்முடையது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் மறுநாளே போய்விட்டோம். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் வருசக்கணக்கில் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் நமக்கு வராது, அது அவருடையது.

யார் பெயரில் பதிவது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். சொத்து பெண் பெயரில் இருக்கட்டும் என்று நாம் எப்போதும் சொல்கிறோம். ஆனால் இன்சூரன்சில் சேரும் சொந்தக்காரர் விபத்துக் காப்பீடு 15 லட்சம், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் லைசென்சோடு ஓட்டினால்தான் செல்லும். அக்காவுக்கு லைசென்ஸ் இல்லை. ஓட்டப் போவது பையன். கடைசியில் பையன் பெயரில் பதிந்து, கடன் பத்திரத்தில் அவனையும் கையெழுத்துப் போட வைத்தோம். இது எல்லோருக்கும் பிடித்த முடிவு என்று சொல்ல மாட்டோம்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்றான் பையன். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சி.சி.க்குக் குறைந்த காருக்கு அது 2,094 ரூபாயும் வரியும்தான். ஆனால் அது நாம் இடித்த வெளியாளுக்கு. காருக்குள் இருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதில் இழப்பீடு வாங்குவது குதிரைக்கொம்பு. முழு பாலிசியாக எடுத்தோம். இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது. 2019 ஜூலைக்குப் பிறகு செய்த கார்களில்தான் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், அதை வாங்க நம் பணம் எட்டவில்லை. அதனால் பெல்ட் போடாமல் வண்டி நகரக் கூடாது, பின்சீட்டுக்கும் சேர்த்து. முதல் 3 மாதம் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் சுற்றக் கூடாது. பத்தாவது படிக்கும் தம்பி கையில் சாவி போகவே கூடாது. 2019 சட்டத் திருத்தப்படி 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருசம் வரை ஜெயில். இதையெல்லாம் அக்கா சொன்னால் கேட்க மாட்டான் என்று எங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னோம். தலையை ஆட்டினான்.

மூன்று வாரத்தில் புது ஆர்.சி. வந்தது. பெயர் மாறியிருந்தது, வங்கிப் பதிவும் நீங்கியிருந்தது. அன்று சாயங்காலமே ஆசிரியர் போன் பண்ணி, "பேர் மாறிடுச்சாம்மா? எனக்கும் ஒரு நகல் அனுப்புங்க" என்றார். பையனே போட்டோ எடுத்து அனுப்பினான். மறுநாள் காலை 6 மணிக்கு அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, கானாவிலக்குக்குக் கிளம்பினார்கள்.