முதலில் முகவரி, பிறகு கணக்கு: ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களின் வங்கிப் பாடு

ஜெர்மன் மாணவர் விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை, அதாவது 11,904 யூரோவை, பிளாக்டு அக்கவுண்டில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறீர்கள். பணம் உங்களுடையதுதான். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும் அன்று அதை வைத்து ஒரு காபி வாங்க முடியாது. அங்கே ஷ்பெர்கோன்டோ என்று அழைக்கப்படும் இந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் உங்கள் பெயரிலுள்ள ஒரு நடப்புக் கணக்குக்கு, ஜிரோகோன்டோவுக்கு, மட்டுமே போகும். அதைத் திறக்கப் போனால் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கும். பதிவு செய்ய வீடு வேண்டும். வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும். அட்வான்ஸ் பணமோ ஷ்பெர்கோன்டோவில் தூங்குகிறது.

இந்தச் சக்கரத்திலிருந்து வெளியே வரக் கையில் கொஞ்சம் தனிப் பணம் வேண்டும். இரண்டு மாதச் செலவும் அட்வான்ஸின் முதல் தவணையும் பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே இருக்கட்டும் என்பது என் கணக்கு. சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகைதான். ஹீட்டிங் போன்ற செலவுகளைச் சேர்க்காத வாடகை அது. அதையும் மூன்று மாதத் தவணைகளாகக் கட்டும் உரிமையைச் சட்டம் கொடுக்கிறது. வீட்டுக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தனிப் பணத்தில் பெரும்பகுதியை யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டிலும் கொஞ்சத்தை நோட்டாகவும் எடுத்துப் போங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர் நோட்டாக 3,000 டாலர் மதிப்புக்கு மேல் கொண்டுபோக முடியாது. ஜெர்மன் ஏடிஎம் திரையில், உங்கள் ஊர்ப் பணத்திலேயே கணக்கிடட்டுமா என்று அன்பாகக் கேட்கும். மறுத்துவிட்டு யூரோவையே தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் ஏறக்குறைய எப்போதும் உங்களுக்கு நட்டம்தான். இன்னொன்று: கிளம்பும் முன்பே இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டுவிடுங்கள். ஓடிபி வராவிட்டால் உங்கள் ஊர் வங்கிக் கணக்கையே நீங்கள் தொட முடியாது.

இறங்கியதும் முதல் வேலை அன்மெல்டுங் என்னும் முகவரிப் பதிவு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்றையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெர்லின் போன்ற ஊர்களில் அதற்கு நேரம் கிடைப்பதே பெரும்பாடு, எனவே ஊரிலிருந்தே இணையத்தில் தேடத் தொடங்குங்கள். "தங்கிக்கொள், ஆனால் பதிவு செய்யாதே" என்று சொல்லும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லாவிட்டால் வரி எண், குடியிருப்பு அனுமதி என்று அடுத்தடுத்து எல்லாம் நின்றுபோகும்.

எந்த வங்கி? தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கும் ஷ்பார்காஸேயில் ஆளைப் பார்த்துப் பேசலாம். மாணவர்களுக்கு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வங்கிகளும் உண்டு, வயது வரம்பை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செயலி வழியே மட்டும் இயங்கும் வங்கிகள் சில, பதிவுச் சான்று இல்லாமலே கணக்குத் திறக்கும். அவசரத்துக்கு அது நல்ல வழி. அடையாளத்தை வீடியோவில் சரிபார்க்கும் வசதி இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு எல்லா வங்கியிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் அஞ்சலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்க்கும் போஸ்ட்ஐடென்ட் முறை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் கைவிரித்தால், சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு தர வேண்டும் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. பாசிஸ்கோன்டோ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், முகம் மாறும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அவர்களுக்கு அது இல்லாமல் ஒரு படிவமும் நகராது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முருகேசன் என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்தால், ஜெர்மனி முழுக்க நீங்கள்தான் ஹெர் முருகேசன். பழகிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்வது உத்தமம். கணக்கு, வாடகை ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் ஒரே பெயர் இருக்கட்டும். 2025 அக்டோபர் முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி பார்க்கிறது. இனிஷியல் இடம் மாறினாலும் எச்சரிக்கை வரலாம்.

அதே பெயரை வாசலில் இருக்கும் தபால் பெட்டியிலும் ஒட்டுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே அறை எண்ணைப் பார்த்துக் கடிதம் போடமாட்டார்கள், பெட்டியிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். கார்டு ஒரு கடிதத்தில் வரும், பின் எண் இன்னொரு நாள் இன்னொரு கடிதத்தில் வரும். உங்கள் பெயர் பெட்டியில் இல்லாவிட்டால் இரண்டும் வந்த வழியே திரும்பும். நண்பர் வீட்டில் தங்கியிருந்தால் அவர் பெயருக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் போதும்.

கார்டு கைக்கு வந்ததும் எல்லாக் கடையிலும் செல்லும் என்று நினைக்காதீர்கள். சில கடைகள் ஜிரோகார்டு என்னும் ஜெர்மன் கார்டை மட்டும் வாங்கும், விசாவோ மாஸ்டர்கார்டோ செல்லாது. ரொட்டிக்கடையிலும் சிறு உணவகத்திலும் காசு மட்டும்தான் என்று பலகை மாட்டியிருப்பது சாதாரணம். யுபிஐ பழகிய கைக்கு இது கொஞ்சம் கற்காலம்போலத் தோன்றும். பிற வங்கி ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் சில யூரோ கட்டணம் போகும். பல சூப்பர்மார்க்கெட்டுகளில் சாமான் வாங்கும்போதே கல்லாவில் பணம் எடுத்துக்கொள்ளலாம்.

மாதச் செலவுகள் பெரும்பாலும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் முறையில் போகும். நீங்கள் அனுமதி கொடுத்துவிட்டால் காப்பீட்டு நிறுவனமோ தொலைபேசி நிறுவனமோ தானே எடுத்துக்கொள்ளும். தவறாக எடுத்திருந்தால் எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கேட்கலாம், அனுமதியே தராத பிடித்தம் என்றால் 13 மாதம் வரை. கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் அபராதம். வாடகையை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் செலுத்த வேண்டும், ஷ்பெர்கோன்டோ பணம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து அதற்கேற்ப நிலையாணை போடுங்கள். 992 யூரோவில் மருத்துவக் காப்பீடு மட்டும் மாதம் 140 யூரோவுக்கு மேல் விழுங்கிவிடும். ஓவர்டிராஃப்டான டிஸ்போவை வங்கி நீட்டினால் வாங்காதீர்கள், வட்டி கடுமை.

பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. உண்மையான கடிதம்தான்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும். ஒரே வீட்டைப் பகிர்ந்திருந்தால் ஒருவர் கட்டினால் போதும்.

உண்மையான மோசடி இனிக்கப் பேசிக்கொண்டு வரும். உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை வேறிடத்துக்கு அனுப்பினால் கமிஷன் என்பார்கள். அது கறுப்புப் பணத்தை வெளுக்கும் குற்றம், வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்பு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவரும் அதே ரகம்.

ஊரில் ஒரு வேலை பாக்கி. படிக்க வெளிநாடு போகும் இந்திய மாணவரை ரிசர்வ் வங்கி 2003 முதல் வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதுகிறது. பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

படிப்பு முடிந்து கிளம்பும்போது ஜிரோகோன்டோவைக் கடைசியாக மூடுங்கள். வீட்டு அட்வான்ஸ் பெரும்பாலும் நீங்கள் ஊர் வந்து சேர்ந்து சில மாதங்கள் கழித்துத்தான் திரும்பி வரும், வீட்டுச் செலவு பாக்கியைக் கழித்துக்கொண்டு.