வீடும் விலையும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டையும் மக்கள் அடிக்கடி வாங்குகின்றனர். ஆதலின் அரிசி விலையும் ஆடை விலையும் அறியாதார் இலர். உறையுளையோ நம்மிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறை வாங்குவர், ஒருமுறை விற்பர், அவ்வளவே. முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பொருள் ஒரே நாளிற் கைமாறும் இவ்வொரு செயலிலேதான் அவர்க்குப் பழக்கம் மிகக் குறைவாகவும் இழப்பு மிகப் பெரிதாகவும் இருக்கின்றது. இங்ஙனமாகவும், கத்தரிக்காய்க்கு நாற்கடை ஏறி இறங்குவோர் வீட்டுக்கு மட்டும் பிறர் சொன்ன விலையை நம்பிப் பத்திரம் எழுதுதல் கண்கூடு. ஆகவே, ஓர் ஊரின் வீட்டுச் சந்தை நிலவரத்தை வாங்குவோரும் விற்போரும் அறிந்துகொள்ளும் வழியைத் தமிழ்நாட்டு வழக்கை அடிப்படையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. மூன்று விலைகள்

நெல் ஒரு மூட்டை மற்றொரு மூட்டையை ஒக்கும்; ஆதலின் நெல்லுக்கு ஊர் முழுதும் ஒரு விலை உண்டு. வீடு அத்தகையதன்று. ஒரே தெருவில் எதிரெதிர் நிற்கும் இரு வீடுகளுள் ஒன்று கிழக்குப் பார்த்தது, மற்றொன்று முட்டுச்சந்தில் உள்ளது. ஒன்றன் கிணறு கோடையிலும் ஊறும், மற்றொன்றன் கிணறு பங்குனியிலேயே வற்றும். எனவே "நகரத்தில் வீட்டு விலை ஏறிவிட்டது" என்னும் பொதுச் செய்தி ஒரு குறிப்பிட்ட வீட்டைப் பற்றி நமக்கு ஒன்றும் உணர்த்துவதில்லை. வீட்டுச் சந்தை என்பது நகரமன்று. தெருவே என்று கொள்ளுதல் தகும்.

ஒரு வீட்டுக்கு மூன்று விலைகள் வழங்குகின்றன. முதலாவது, விற்பவர் கேட்கும் விலை. இஃது அவருடைய விருப்பத்தின் அளவேயன்றி வேறன்று. இரண்டாவது, பதிவுத்துறை தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் குறித்து வைத்துள்ள வழிகாட்டி மதிப்பு. இது முத்திரைத் தீர்வை கணக்கிடுதற்கென அரசு வகுத்த அளவு. மூன்றாவது, பணம் எண்ணிக் கொடுத்து உண்மையிற் கைமாறிய விலை. சந்தை நிலவரம் எனப்படுவது இம்மூன்றாவதே.

வழிகாட்டி மதிப்பையே விலையெனக் கொள்வாரும் உளர். 2017-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் தமிழ்நாட்டில் அம்மதிப்பு நூற்றுக்கு 33 வீதம் குறைக்கப்பட்டது. அதனுடன் பதிவுக் கட்டணம் 1-இலிருந்து 4 வீதமாக உயர்த்தப்பட்டது. அன்று எந்த வீடும் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை. அரசின் ஏட்டிலிருந்த எண் மாறியது, அவ்வளவே. பின்னர் 2023-இல் அக்கட்டணம் 2 வீதமாகக் குறைந்தது. எனவே வழிகாட்டி மதிப்பு செலவைக் கணக்கிட உதவுமேயன்றி விலையைத் தீர்மானிக்க உதவாது.

2. கைமாறிய விலையை அறிதல்

உண்மை விலையை அறிய முதற்கருவி வில்லங்கச் சான்று. ஒரு சொத்தின் மேல் அடைமானம் உண்டா, முன்னர் யார் யாருக்கு விற்கப்பட்டது என்று காணவே பெரும்பாலோர் அதனைப் பார்ப்பர். ஆயினும் அதில் ஒவ்வொரு கிரயத்துக்கும் நேரே கைமாற்றுத் தொகையும் குறிக்கப்பட்டிருத்தலின், வாங்க நினைக்கும் வீட்டுக்கு மட்டுமன்றி அதன் அண்டை சர்வே எண்களுக்கும் பதிவுத்துறையின் இணையதளத்திற் பார்ப்போமாயின் அத்தெருவின் விலை வரலாறே புலப்படும். ஓராண்டுக்குள் நிகழ்ந்த மூன்று நான்கு கிரயங்களை ஒப்பிடுதல் சாலும். ஐந்தாண்டுக்கு முந்தியவை இன்றைய நிலையைக் காட்டா.

அடுத்து, மனையையும் கட்டடத்தையும் வேறாகப் பிரித்து மதிப்பிடல் வேண்டும். மண் தேய்வதில்லை, கட்டடம் தேயும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. 1,200 சதுர அடி மனையில் 1,000 சதுர அடியுள்ள இருபதாண்டுப் பழைய வீட்டுக்கு உடையவர் 75 லட்சம் ரூபாய் கேட்கின்றார். அத்தெருவில் மனை சதுர அடி 4,000 ரூபாய்க்குக் கைமாறியிருப்பின் மனையின் விலை 48 லட்சம். அத்தகைய வீட்டை இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,100 ரூபாய் ஆகுமாயின் 21 லட்சம்; கட்டடத்தின் ஆயுள் அறுபதாண்டு எனக்கொண்டு கழிந்த மூன்றிலொரு பங்கை நீக்கினால் 14 லட்சம் எஞ்சும். ஆகக் கூடுதல் 62 லட்சம். கேட்கும் விலைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு 13 லட்சம். அவ்வேறுபாட்டுக்குத் தக்க காரணம் உண்டாயின் விற்பவர் காட்டட்டும். இன்றேல் பேச்சை 62-இலிருந்தே தொடங்குக. அடுக்கக வீடாயின் அதனுடன் வரும் பிரிபடாத மனைப் பங்கு எத்துணைச் சதுர அடி என்று கேட்டறிதல் இக்காரணம் பற்றியே.

இனி, விலையோடு செலவு முடிவதில்லை. முத்திரைத் தீர்வை 7 வீதமும் பதிவுக் கட்டணம் 2 வீதமும் சேர்ந்து 62 லட்சத்துக்கு 5,58,000 ரூபாயாகும். வங்கிகள் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 வீதத்துக்கு மிகாமலே கொடுத்தல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே கடன் 49,60,000 போக, தீர்வையும் கட்டணமும் உட்பட ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய் வாங்குபவர் கையில் இருத்தல் வேண்டும். இக்கணக்கைப் போடாது முன்பணம் கொடுத்துவிட்டு, குறித்த தவணைக்குள் மீதியைத் திரட்டவியலாமல் முன்பணத்தை இழப்போர் உளர்.

3. இடத்தின் இயல்பு

விலை ஏன் தெருவுக்குத் தெரு வேறுபடுகின்றது எனின், முதற்காரணம் நீர் என்போம்: வேண்டும்போது வாரா நீரும், வேண்டாதபோது வரும் நீரும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சார்ந்த வேளச்சேரி, முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளுட் புகுந்த நீர், நில வரைபடங்கள் மறந்துவிட்ட நீர்வழிகளை நினைவூட்டியது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அதன் விளிம்புகள் அதற்கு முன்னரே வீடுகளால் நிரம்பியிருந்தன.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் ஓர் ஊதியம் உண்டு. நம் ஊர்ப்பெயர்கள் நிலத்தின் வரலாற்றைத் தம்முட் கொண்டவை. தாங்கல், ஏந்தல், ஊரணி, ஓடை, மடு என்று முடியும் பெயர்கள் அங்கே ஒருகாலத்து நீர் நின்றதை அல்லது ஓடியதைச் சொல்லும். மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராய நகர் எழுந்தது; ஏரி மறைந்த பின்னரும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்னும் பெயர் நிலைத்துள்ளது. வாங்குபவர் பெயரைக் கேட்டபின் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறையும் சித்திரை வெயிலில் ஒருமுறையும் அத்தெருவிற் சென்று காண்பாராயின், தரகர் சொல்லாத செய்திகளை மண்ணே சொல்லும். கிராம அலுவலகத்து 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, அந்நிலம் புறம்போக்கோ நீர்நிலையோ அன்று எனத் தெளிதலும் கடமை.

உரிமையின் தூய்மையும் விலையின் ஒரு பகுதியே. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளிலுள்ள மனைகளைப் பதிவு செய்தலைத் தடுத்தபோது, முதல்நாள் வரை விலைபோன மனைகள் மறுநாள் வாங்குவாரின்றிக் கிடந்தன. மறு ஆண்டில் வரன்முறைத் திட்டம் வந்த பின்னரே அவற்றுட் பலவற்றுக்கு வழி பிறந்தது. மண் மாறவில்லை, தாளில் ஒரு கையொப்பம் இல்லாமையே அதன் விலையை அழித்தது.

4. காலத்தின் இயல்பு

இடத்தைப்போலவே காலமும் விலையை ஆளும். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் எழுதுவோர் குறைவு. தை பிறந்ததும் பதிவு அலுவலகங்களிற் கூட்டம் பெருகும். பணமுடையால் ஆடியில் விற்பவர் விலையிறங்குவர். பொறுக்க இயன்றவர் பொறுப்பர்.

இதனினும் வலியது வட்டி. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 வீதமாயிருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 வீதமாயிற்று. 40 லட்சம் ரூபாயை இருபதாண்டுக் கடனாகப் பெறுபவர் 7 வீத வட்டியில் மாதந்தோறும் சுமார் 31,000 ரூபாய் கட்டுவார். 9 வீதமாயின் சுமார் 36,000. இவ்வையாயிரம் ரூபாய் தாங்கவியலாதார் சந்தையினின்று விலகுவர். வாங்குவோர் குறையவே விற்போர் காத்திருப்பர். ஒரு தெருவில் விற்பனைக்குள்ள வீடுகள் எத்தனை, அவை எத்தனை மாதமாய் விலைபோகாமல் நிற்கின்றன என்று எண்ணினால், காற்று எப்பக்கம் வீசுகின்றது என்பது விளங்கும். எட்டுமாதமாய்ப் பூட்டிக்கிடக்கும் வீட்டின் விலை மிகையாக இருக்கலாம். குற்றம் மறைந்திருக்கவும் கூடும். விற்பவரும் இதனை நினைத்தல் நன்று: தொடக்கத்தில் மிகையாகக் கேட்டுப் பலரைத் திருப்பியனுப்பியவர், ஈற்றில் நேர்மையான விலைக்கும் குறைவாகவே விற்க நேர்தல் உண்டு.

5. பத்திரமும் வாய்மையும்

மேலே, கைமாறிய விலையை வில்லங்கச் சான்றிற் காணலாம் என்றோம். ஆனால் அச்சான்று பத்திரத்தில் எழுதியதையே காட்டும். 62 லட்சத்துக்கு விற்றுவிட்டுப் பத்திரத்தில் 40 லட்சம் என எழுதி, மீதியை ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. தீர்வை மிச்சமாகின்றது என்று இருவரும் மகிழ்கின்றனர். உண்மையில் நிகழ்வது யாது?

வங்கி 40 லட்சத்தையே விலையாகக் கொண்டு 32 லட்சத்துக்கு மேற் கடன் தராது. வாங்கியவர் பின்னொருநாள் 80 லட்சத்துக்கு நேர்மையாக விற்பாராயின், அவருடைய ஆதாயம் 18 லட்சம் என்பதற்கு மாறாக 40 லட்சம் என்று வரிக்கணக்கிற் காணும். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுதலை வருமானவரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்துள்ளது. பதிவாளர் ஐயுற்றால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி மதிப்பு மறுபடி ஆராயப்படும். இவை அவ்விருவர் தாமே வருவித்துக்கொள்ளும் கேடுகள்.

அவ்விருவரோடு நில்லாத கேடு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பொய்ப் பத்திரமும் அத்தெருவில் அடுத்து வாங்க வருபவரின் கண்ணை மறைக்கின்றது. ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுவரும் ஆசிரியரோ, கணவனை இழந்து வீட்டை விற்க நேர்ந்த பெண்ணோ உண்மை விலை அறிய ஏடுகளைத் திறக்கின்றனர். அங்கே பொய்யைக் காண்கின்றனர். அவர் வேறு வழியின்றி வாய்ச்சொல்லை நம்பவேண்டியவராகின்றார். வாய்ச்சொல்லின் சந்தையில் வெல்பவர் பழகியவரே. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், வாங்குபவர் இயல்பான கவனத்தால் அறியவொண்ணாக் குற்றங்களை விற்பவர் தாமே எடுத்துரைக்க வேண்டும் என்று விதித்தது. அக்கடமை கண்ணுக்குத் தோன்றாத சுவர் வெடிப்பு முதலியவற்றுக்குரியது. அதன் கருத்தோ விலைக்கும் பொருந்தும் என்பது நம் துணிபு.

பழந்தமிழ்நாட்டார் நிலத்தை விற்றபோது நான்கெல்லையும் விலையும் விளங்கக் கல்லிலே வெட்டிவைத்தனர். எழுதியவரும் வாங்கியவரும் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னரும் அக்காலத்து நிலமதிப்பை நாம் அறிய முடிகின்றதென்றால் அதுவே காரணம். இன்னும் சில ஆண்டுகளில் நம்முட் பலர் பெற்றோர்க்காகவோ தமக்காகவோ ஒரு பத்திரத்திற் கையெழுத்திடுவர். தெருவை நடந்து காண்க. அண்டைக் கிரயங்களை ஒப்பிடுக. மண்ணையும் கட்டடத்தையும் பிரித்து எண்ணுக. ஈற்றில், கொடுத்த விலையையே எழுதுக. இவற்றுள் முதல் மூன்றும் நம் பொருளைக் காக்கும். நான்காவது நமக்குப்பின் அத்தெருவுக்கு வருவாரையும் காக்கும்.