மண்ணீரலுக்குள் ஒரு ஊசி

மெக்கானிக்கல் படிக்கிறவன் மண்ணீரலைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் தாமல். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். சென்ற தீபாவளிக்கு முன் அவருக்கு மூன்று மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றார். ஸ்கேனில் மண்ணீரல் வீங்கி, உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள். ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். "நீதான் படிச்சவன், இன்னா எழுதியிருக்குன்னு சொல்லு" என்று அப்பா நீட்டினார். இரத்தக்கசிவு, அடுத்த வரியில் மரணம். எனக்கு வாய் வரவில்லை. அன்று டாக்டரிடம் கேட்டதும் பிறகு நூலகத்தில் படித்ததும்தான் இக்கட்டுரை.

பெரியவர்களுக்கு மண்ணீரல் சுமார் 150 கிராம் இருக்கும். பழைய இரத்த அணுக்களை வடிகட்டுவது அதன் வேலை. மலேரியா, காலா அசார், காசநோய், இரத்தப் புற்றுநோய் எதிலும் அது வீங்கலாம். கைக்குத் தட்டுப்படுவது வீக்கம் மட்டுமே. என்ன நோய் என்பதை உள்ளேயிருக்கும் செல்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஊசிக்கு நம்ம சென்னையிலேயே சரித்திரம் உண்டு. 1903-ல் சார்லஸ் டோனவன் என்ற டாக்டர் சென்னை அரசு பொது மருத்துவமனையில் (இன்று ராஜீவ் காந்தி பெயரில் உள்ளது) பணியாற்றினார். இறந்தவர்களின் மண்ணீரலில் விசித்திரமான நுண்பொருள்களைக் கண்டார். இறந்தபின் உண்டான மாற்றமோ என்ற சந்தேகம் இருந்தது. அந்த ஜூன் 17-ந் தேதி, காய்ச்சலில் கிடந்த 12 வயதுச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார். அதிலும் அவை இருந்தன! அதுதான் காலா அசார் கிருமி. லீஷ்மன் என்பவரும் தனியே கண்டிருந்ததால் 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயர் வைத்தார் ரொனால்ட் ராஸ். இப்போது காலா அசாருக்கு விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை வந்துவிட்டது.

இனி ஊசி. பொதுவாக 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர். நம்ம ஒர்க்‌ஷாப் கம்பி கேஜ் மாதிரிதான், எண் கூடினால் கனம் குறையும். முதலில் தட்டணுக்களையும் இரத்தம் உறையும் நேரத்தையும் பார்ப்பார்கள். சரியில்லையென்றால் குத்தமாட்டார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி இறங்கும். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மூச்சுக்கு மூச்சு மண்ணீரல் மேலும் கீழும் நகரும். ஊசி நிற்க அது நகர்ந்தால், மெல்லிய உறை கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டும். காலா அசார் நோயாளிகளில் இதனால் உயிருக்கு ஆபத்து சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு. குத்தியபின் பல மணி நேரம் அசையாமல் படுக்கவைத்து நாடி, பிரஷர் பார்ப்பது இதற்குத்தான். சில சமயம் வெறும் இரத்தம்தான் வரும், மறுபடி குத்த வேண்டும். நிணநீர்ப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் செல் போதாது, திசுவே வேண்டும்.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? "மிதிக்கறதுக்கு முன்னாடி நாடா போனா பாவு இன்னா ஆவும்?" என்றேன். "அறுந்துடும்." "அதான்பா, அவங்க சொல்றப்போ மூச்சை விட்டுடாதே." ஆயிரத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

ரிப்போர்ட்டில் காசநோய். ஆறு மாத மாத்திரையில் இப்போது ஐந்தாவது மாதம் ஓடுகிறது. காய்ச்சல் நின்றுவிட்டது. தறியில் காலையில் மட்டும் உட்காருகிறார்.