காத்திராத வேலை எது?



தாங்கல் வாசலில் அடிக்கடி கேட்கும் சொல் "நேரமில்லை" என்பது. உகப்படிப்புக்கு வர நேரமில்லை, திருஏடு வாசிக்க நேரமில்லை, பெற்ற தாயோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. ஒரு நாளுக்கு 24 மணிநேரம் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். குறை நேரத்தில் இல்லை, எதை முன்னே வைப்பது என்ற வரிசையில் இருக்கிறது.

இந்த வரிசையைக் குமரி நாட்டுப் பனையேறிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். பாளை சீவும் காலத்தில் பனையேறி கிழக்கு வெளுக்குமுன் மரத்தடிக்குப் போய்விடுவார். காலையிலும் மாலையிலும் பாளையைச் சீவவேண்டும். சீவாமல் விட்டால் பாளை காய்ந்து ஊறல் நின்றுபோகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி கள்ளாகிவிடும். இறக்கிய அக்கானியை அன்றே காய்ச்சவேண்டும், இல்லையென்றால் கருப்பட்டி தேறாது. வேலி கட்டுவதும் சந்தைக்குப் போவதும் அவருக்கும் உண்டு. ஆனால் வேலி நாளைவரை காத்திருக்கும், பாளை காத்திராது. தம்மால் ஏறமுடிந்த மரங்களை மட்டுமே அவர் எடுப்பார். ஆசைப்பட்டுக் கூடுதலாக எடுத்தால் எல்லாப் பாளையும் கெடும். கடிகாரம் கட்டாத மனிதருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கையில் செல்போன் வைத்திருப்பவர்களுக்குப் பிடிபடவில்லை.

அய்யாவின் தவத்திலும் வரிசை உண்டு. கொல்லம் ஆண்டு 1008-க்குப்பின் ஆறு ஆண்டுகள் நடந்த தவம் இரண்டிரண்டு ஆண்டுகளாக மூன்று நிலையாயிற்று. முதலில் குழியில் நின்று, அடுத்துத் தரையில் அமர்ந்து, பிறகு உயர்ந்த பீடத்தில். ஒவ்வொரு தவத்துக்கும் நோக்கம் வேறு. வைகுண்டப் பரம்பொருளே மூன்றையும் ஒருசேர எடுக்காமல் ஒன்றை முடித்து மற்றதற்குப் போனார். அப்படியிருக்க, மனிதர் ஒரே காலைப்பொழுதில் பத்து வேலையை எடுத்துக்கொண்டு ஓடுவது எதற்காக?

துவையல் தவசுக்குப் போன 700 குடும்பங்களும் வேலையற்றவர்கள் அல்லர். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் ஏழைகள். அவர்கள் வேறு பலவற்றை விட்டுவிட்டு, கடலில் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை உண்டு தவசு இருந்தார்கள். ஒன்றை முன்னே வைக்கும்போது வேறொன்றை விடத்தான் வேண்டியிருக்கிறது.

இரவு படுக்குமுன் அய்யாவை நினைத்து, நாளை காத்திராத வேலை எது என்று கேட்டுப்பார்க்கலாம். ஒன்றோ இரண்டோதான் தேறும். அதை விடியலில் முடித்துவிட்டால் மற்றவை முன்பின் ஆனாலும் நட்டமில்லை.

தாங்கல் பணியும் சிலசமயம் பின்னே நிற்கவேண்டிய வேலையே. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

ஒரு தாங்கலில் அன்பர் ஒருவர் இருந்தார். திருநாள் வந்தால் பந்தல், மைக்செட், வாகனத்துக்குப் பூ, நன்கொடைப் புத்தகம் எல்லாம் அவர் கையில்தான். அவருடைய தாயாருக்குச் சர்க்கரை நோய், காலில் புண். அதைக் கழுவி மருந்து கட்டவேண்டும். "திருநாள் முடியட்டும் அம்மா" என்றார் மகன். கடைசி நாள் தாயாருக்குக் கடுங்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். தாயார் மகனை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை மிகவும் வாட்டியது.

மறு ஆண்டு நன்கொடைப் புத்தகத்தை அவர் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். தினமும் தாயின் காலைக் கழுவி மருந்து கட்டிய பிறகே பணிவிடைக்கு வந்தார். "ஆள் முன்னைப்போல் இல்லை" என்று சிலர் முணுமுணுத்தார்கள். பந்தல் வேலையை இளைஞர் இருவர் எடுத்துச் செய்தார்கள். உள்ளதைச் சொன்னால், முன்னைவிடச் சீராகவே செய்தார்கள்.

வாகனம் தெருவில் வந்தபோது அவர் கூட்டத்தோடு நடக்கவில்லை. வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்த தாயின் பக்கத்தில் சுருள் தட்டோடு நின்றார். வாகனம் அங்கே நின்றதும், தாயார் தம் கையாலேயே சுருள் வைத்தார்.